கோலாலம்பூர் போகிறவர்கள் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டாம்

எங்கள் ஊரில் யாராவது முதல் தடவையாகக் கோலாலம்பூருக்குக் கிளம்புகிறார்கள் என்றால், பாஸ்போர்ட் வந்த கையோடு என்னைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் ஒன்றும் உலகம் சுற்றியவன் இல்லை. முப்பது வருஷம் திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் கண்டக்டராகப் போய்ப் போய் வந்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு தடவை, ஆறே நாள், மலேசியாவுக்குப் போய்த் திரும்பினேன். திருத்தணியில் ஒருவன் நிபுணன் ஆவதற்கு ஆறு நாள் தாராளம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடை பெஞ்சுதான் என் ஆபீஸ். மகளைப் பார்க்கப் போகிறவர்கள் வருவார்கள், மருமகன் டிக்கெட் அனுப்பியவர்கள் வருவார்கள், அங்கே இருக்கும் பெரிய முருகன் சிலையைப் பார்க்கக் கூட்டமாகக் கிளம்புகிறவர்கள் வருவார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னா இன்னா எடுத்துகினு போவணும், கொஞ்சம் சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்காருவார்கள். எனக்குப் பொறுமை என்பது கிடையாது. உள்ளே நகருங்க, சில்லறையா குடுங்க, படியில நிக்காதீங்க என்று முப்பது வருஷம் கத்திய வாய். என் யோசனைகளும் அதட்டலாகத்தான் வரும்.

முதலில் பிளக். அங்கே சுவரில் இருக்கும் ஓட்டை வேறு, நம் சார்ஜர் வேறு. நம்முடையதற்கு உருண்டைக் கால், அவர்களுடையதற்குப் பட்டைக் கால். மாற்றிச் செருகுகிற பிளக் ஒன்றை இங்கேயே வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியில் போட்டால் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும், ஃபோன் உங்கள் கையில் செத்துக் கிடக்கும்.

அடுத்தது விரல். அங்கே ஆளையோ கடையையோ காட்டுவதற்கு ஆள்காட்டி விரலை நீட்டக் கூடாது, மரியாதைக் குறைவு. மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு கட்டை விரலால் காட்ட வேண்டும். நான் முதல் நாளே ஒரு பெரிய மனிதரைப் பார்த்து விரலை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். நகரும் படியில் இடது பக்கமாக ஒட்டி நிற்க வேண்டும், வலது பக்கம் அவசரக்காரர்களுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நின்று வழியை மறைக்கக் கூடாது. ரோட்டைத் தாண்ட விளக்கில் பச்சை மனிதன் வரும்வரை நிற்க வேண்டும். நம்மூர் மாதிரி கையைக் காட்டிக்கொண்டே இறங்கினால் மோட்டார் பைக்காரன் மேலேயே ஏற்றிவிடுவான். குடை இல்லாமல் மத்தியானத்துக்கு மேல் வெளியே போகக் கூடாது. அங்கே மழை நேரம் பார்த்துப் பெய்கிறது.

இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும். தண்டாஸ் என்றால் கழிப்பறை. கெலுவார் என்றால் வெளியே போகும் வழி. மற்றதெல்லாம் தமிழிலேயே நடக்கும். டீக்கடையில் நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார்கள்.

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும், அதுவும் விமானம் தரையைத் தொட்டவுடனே. போய் இறங்குகிற வீட்டு ஃபோன் நம்பரை, ஒன்றுக்கு இரண்டு பேருடைய நம்பராக, காகிதத்தில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக, "கிளம்பறதுக்கு முன்னாடி மலைக்குப் போயி மொட்டை மட்டும் அடிச்சிக்காதீங்க. வேண்டுதல் இருந்தா திரும்பி வந்து அடிச்சிக்குங்க" என்பேன். அதற்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். டீ மாஸ்டர்கூட வடிகட்டியைக் கீழே வைத்துவிடுவார். "அந்தக் கதையச் சொல்லுங்க கண்டக்டரே" என்பார்கள். நானும் சொல்வேன். பாஸ்போர்ட் போட்டோவில் இருந்த மீசைக்கும் மூஞ்சியில் இல்லாத மீசைக்கும் நடுவில் அந்த விமான நிலைய அதிகாரி பட்ட பாட்டை நான் நடித்துக் காட்டினால் பெஞ்சு குலுங்கும்.

இரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், டிப்போ பக்கம் போனால் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில்கூடக் கேட்கிறார்கள். நான் அந்தக் கதைக்குள் மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து இறங்க எனக்கு நிறுத்தம் இல்லை. ஊர் சிரிக்கிற கதை பொய் இல்லை, ஆனால் அது பாதிதான்.

மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் ஒரே மகள். கணக்கு வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் போனாள். நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். அப்போதே அவளைச் சாக்கிட்டு எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைத்தேன். போய் மூன்றாவது வருஷம் ஃபோனில் சொன்னாள், அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக. மூன்று தலைமுறைக்கு முன்னால் இங்கிருந்து போன தமிழ்க் குடும்பம். நல்ல வேலை, நல்ல குணம் என்றாள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு சாதி. ஃபோனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் பதினோரு மாதம் அவளிடம் நான் பேசவில்லை. அவள் கூப்பிட்டால் ஃபோனை மனைவியிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விடுவேன். நான் நல்ல அப்பனாக நடந்துகொள்ளவில்லை. அதை இப்போது எழுதுவது சுலபமாக இருக்கிறது, அப்போது அப்படித் தோன்றவே இல்லை.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறினோம். கூட்டத்தில் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சாமியைப் பார்த்ததும் நான் வாய்விட்டே கேட்டேன். "முருகா, இந்தச் சம்பந்தம் நின்னு போவணும். நின்னுதுன்னா முடி குடுக்கறேன்." கண்டக்டர் குரல். முன்னால் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி சட்டையை விட்டுவிட்டாள். அன்று சாயந்திரமே மகளிடம் ஃபோனில் சொல்லிவிட்டாள். "உங்க நைனா சாமி கிட்டயே போயி உன் கல்யாணத்துக்குக் குறுக்க நிக்கறாரு." அடுத்த அறையில் படுத்திருந்த என் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

அதனால் ஒன்றும் நிற்கவில்லை. தேதி வைத்துவிட்டார்கள். அங்கே ஒரு கோயில் மண்டபத்தில், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மனைவி இரண்டு வாரம் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள், என்னிடம் உத்தரவு கேட்கவில்லை. எனக்கு மகள் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "நைனா, உனக்கும் டிக்கெட் போட்டிருக்கேன். முன்னாடியே வரச் சொன்னா நீ வரமாட்டேன்னு கடைசி நாளுக்குத் தான் போட்டேன். கல்யாணத்தன்னிக்கு விடிகாலம் வந்து இறங்கும். வந்தா வா. வரலன்னா வுடு. உனக்காக முகூர்த்தத்த நிறுத்தி வைக்க மாட்டேன்."

அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. குரலில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. விசில் கொடுத்துவிட்டால் எவனுக்காகவும் வண்டி நிற்காது என்று நான் முப்பது வருஷம் பேசிய பேச்சு அது. என் பெண் என்னைப் போலவே பேசுகிறாள் என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ உட்கார்ந்துவிட்டது. யாருமில்லாத வீட்டில் தனியாகச் சோறு வடித்துத் தின்றுகொண்டு நான்கைந்து நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கினேன். போகிறேன் என்று மனைவிக்கு மட்டும் சொன்னேன். மாப்பிள்ளையே அங்கிருந்தபடி என் வருகைப் படிவத்தை நிரப்பி, தொடர்புக்குத் தன் நம்பரைப் போட்டு அனுப்பி வைத்தார்.

ஆனால் சாமியிடம் கேட்டது கேட்டதாகவே நின்றது. அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. நான் மனம் மாறிவிட்டேன், சரி. அது அவனுக்கு எப்படித் தெரியும்? தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தில் ஏதாவது தகராறு வந்தால்? மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் கேட்டது கிடைத்துவிட்டால்? வேண்டிக்கொள்வதற்கு வழி உண்டு, வேண்டியதைத் திருப்பி வாங்குவதற்கு எங்கள் ஊரில் யாரும் வழி சொல்லி வைக்கவில்லை. குருக்களைக் கேட்கலாம் என்றால், என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்பார். எந்த வாயால் சொல்வது?

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் தனியாக மலை ஏறினேன். முடி இறக்கும் மண்டபத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்துக்கொண்டே முடி எடுப்பவர் கேட்டார், "மீசையும் எடுக்கணுமாங்க?" டிப்போவில் என்னை மீசை கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். "எடு" என்றேன். குளித்துவிட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு, சந்நிதிக்குப் போய் நின்றேன். இந்தத் தடவை வாய்க்குள்ளேயே சொன்னேன். "நான் கேட்டத நீ குடுக்காத. முடிய மட்டும் எடுத்துக்க. என் பொண்ணு கல்யாணம் நடக்கட்டும்." இறங்கி வரும்போது படி எல்லாம் லேசாக இருந்தது. கல்யாணம் முடிந்ததும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஃபோனில் சொல்லவில்லை. நேரில் சொல்வதற்காக வைத்திருந்தேன்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் போட்டோவைப் பற்றி யோசிக்கவே இல்லை. நெற்றி வரை இறங்கிய மை போட்ட கறுப்பு முடி, காது வரை போகிற மீசை. எங்கள் ஊரில் மொட்டைத் தலை ஒரு விஷயமே இல்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் பத்து மொட்டை ஏறும். மொட்டை அடித்தவனை யாரும் இவன் வேறு ஆள் என்று நினைப்பதில்லை.

சென்னைக்கு ரயில், அங்கிருந்து மெட்ரோ, அப்புறம் விமானம். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சென்னையில் உத்தியோகஸ்தர் போட்டோவையும் தலையையும் பார்த்துவிட்டு, "திருத்தணியா, திருப்பதியா?" என்று கேட்டுச் சிரித்து முத்திரை குத்தினார். கோலாலம்பூரில் இருந்தவர் சிரிக்கவில்லை. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவர் வேலை அது. போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். விரலை மெஷினில் வைக்கச் சொன்னார். வைத்தேன். மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன், மாற்றி வைத்தேன். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்துச் சில்லறை எண்ணிய விரல், ரேகை என்று ஒன்றும் மிச்சம் இல்லை போலிருக்கிறது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்கு வந்த ஆங்கிலத்தில் "டாட்டர் மேரேஜ், டாட்டர் மேரேஜ்" என்றேன். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் வந்து என்னை மரியாதையாகவே ஓர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

சுவரோடு பிணைத்த நாற்காலிகள். எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. கதவுக்கு மேலே பச்சை விளக்கில் கெலுவார் என்று ஆங்கில எழுத்தில் எரிந்தது. ஏதோ ஆபீசின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். ஏசி குளிர் மொட்டைத் தலையில் நேராக இறங்கியது. துண்டு பெட்டிக்குள் இருந்தது, பெட்டி எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கைக்குட்டையைத் தலையில் விரித்துக்கொண்டேன். ஃபோனை எடுத்தேன், அணைந்து கிடந்தது. சார்ஜரைச் சுவரில் செருகப் போனேன், போகவில்லை. திருப்பிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் தலையை ஆட்டினார்.

மகள் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது, மனைவியும் அங்கே போய் வேறு நம்பர் போட்டிருந்தாள். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை வரை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பத்து வருஷத்துக்கு முந்தைய டிக்கெட் விலைகூட இப்போதும் சொல்வேன். பெற்ற பெண்ணின் நம்பர் தெரியாது. மேஜையில் இருந்தவர் படிவத்தில் இருந்த மாப்பிள்ளை நம்பருக்குக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பவன் எங்கே ஃபோனை எடுப்பான்? அவன் ஃபோன் யார் பையிலோ கிடந்தது. அந்தக் கல்யாணம் நடந்துகொண்டிருந்ததால்தான் என்னை அந்தக் கல்யாணத்துக்கு விட முடியவில்லை.

ஆனாலும் நான் முதலில் பதறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஐந்தரை, ஐந்தே முக்கால், ஆறே கால். ஒன்பது மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறரை இருக்கும். நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் கண்ணில் பட்டது. அது ஒன்பது காட்டியது. ஓடாத கடிகாரம் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டரை மணி நேரம் என்று ஏதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

எழுந்து மேஜைக்கு ஓடினேன். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். மறுபடியும் உட்கார வைத்தார்கள். ஓடுகிற பஸ்ஸில் முன் படிக்கும் பின் படிக்கும் நடந்துகொண்டே இருந்தவன் நான். முப்பது வருஷத்தில் யாரும் என்னை ஓரிடத்தில் உட்கார வைத்தது கிடையாது. அந்தச் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ஒன்பதே கால் ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. முருகா, முடிதான் கொடுத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் கத்தினேன். பத்து மணிக்கு ஒரு நினைப்பு வந்தது. அவன் எனக்குத் தெளிவாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். நான் நிறுத்தச் சொன்னேன். அவளை நிறுத்தாமல் என்னை நிறுத்திவிட்டான்.

பத்தே கால் தாண்டியது. இந்நேரம் தாலி கட்டுவார்கள் என்று தோன்றியதும் நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். கெட்டிமேளம் கேட்டால் எல்லோரும் எழுந்துதானே நிற்போம்? வலது கையைத் தூக்கினேன். கையில் அட்சதை இல்லை. அப்படியே ஒரு நிமிஷம் நின்றேன். காவலுக்கு இருந்தவர் வந்து தோளைத் தொட்டு உட்கார வைத்தார். எதிரில் இருந்த ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இல்லை. அழுகைதான் வந்தது.

பதினொரு மணிக்கு மேல் வேலைக்கு வந்த ஒரு பெண் அதிகாரி என் காகிதங்களைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "ஐயா, பசியாறிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன். தலையைக் காட்டி, "இது என்ன, வேண்டுதலா?" என்றார். அங்கேயும் தைப்பூசத்துக்கு முடி இறக்குவார்களாம். ஆமாம் என்றேன். "என்ன வேண்டிக்கிட்டீங்க?"

கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? "பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுங்க" என்றேன். அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. அவர் மறுபடியும் அந்த நம்பரைக் கூப்பிட்டார். இந்தத் தடவை மாப்பிள்ளையே எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் முத்திரை குத்திவிட்டார்கள்.

டாக்சி பிடித்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் மனைவி என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னாங்க இது கோலம்!" மாப்பிள்ளை ஓடி வந்து கையைப் பிடித்து, "மன்னிச்சிக்குங்க மாமா, ஃபோன் என்கிட்ட இல்ல" என்றார். மகள் பந்திக்கு நடுவில் பட்டுப்புடவையோடு நின்றிருந்தாள். திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தாள். அப்புறம் மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள். "வந்துட்டியா நைனா. உக்காந்து சாப்டு" என்றாள். அவ்வளவுதான்.

சுற்றிலும் ஐம்பது பேர், முக்கால்வாசிப் பேர் எனக்குத் தெரியாத சம்பந்தி வீட்டார். அங்கே நின்று, நான் உன் கல்யாணத்தைக் கெடுக்க வேண்டிக்கொண்டேன், அப்புறம் அதை மாற்றிக்கொண்டேன் என்றா சொல்ல முடியும்? என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். போட்டோ கதையைச் சொன்னேன். அதிகாரி முழித்ததைக் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்த நாட்களில் பத்தொன்பதாவது மாடியில் அவர்கள் வீட்டில் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சம்பந்தி வீட்டார் யாராவது வருவார்கள், மறுபடியும் அந்தக் கதையைக் கேட்பார்கள். வெளியே கிளம்பும்போது மகள் எனக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாள். "வெயிலு நைனா, போட்டுக்க" என்றாள். சாயந்திரம் மழை பெய்யும்போதும், நகரும் படியில் போகும்போதும், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும்கூட, தொப்பியைக் கழற்றினால், "இருக்கட்டும் நைனா" என்பாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியும் மொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கத்துகிற பழக்கம் உண்டு, கேட்கிற பழக்கம் கிடையாது.

திரும்பி வந்தேன். முடி வளர்ந்தது, மீசையும் வளர்ந்தது. மகள் வாராவாரம் அம்மாவோடு பேசுவாள். என்னிடம் சாப்டியா, மாத்திரை போட்டியா என்று இரண்டு கேள்வி. பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இனிமேல் போய்ச் சொன்னால், நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் வாயால் சொல்ல வேண்டும். அதற்குத் துணிச்சல் வரவில்லை. தமாஷ் சுலபமாக இருந்தது.

போன மாதம் ஒரு காலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அரக்கோணம் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய் வந்திருந்தார். அவர் தம்பி கோலாலம்பூரில் ஓட்டல் வேலை பார்க்கிறார், பார்த்துவரக் கிளம்புகிறார். பிளக், விரல், கடிகாரம் எல்லாம் சொல்லி முடித்து, மொட்டைக்கு வந்து சேர்ந்திருந்தேன். போட்டோவை அதிகாரி தலைகீழாகப் பிடித்துப் பார்த்ததை நடித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. மகள். அவள் நேராக எனக்குக் கூப்பிடுவது அபூர்வம்.

"நைனா, அம்மா சொன்னாளா?"

"ஆங், சொன்னா. அஞ்சு மாசமாமே. ஒடம்ப பாத்துக்கம்மா."

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடறேன். பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துடுங்க."

"வராம இன்னா? கண்டிப்பா வரேன்."

"நைனா, ஒன்னு கேக்கறேன், கோவப்படாத. இந்த வாட்டியும் மொட்டை அடிச்சிகினு தான் வருவியா?"

நான் சிரித்தேன். இரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாக ஓடியது. "அடியம்மா, அந்த ஆபீசர் பாத்தாரு பாரு ஒரு பார்வை..."

"அந்தக் கதைய வுடு நைனா. அதுக்கு நான் அன்னிக்கே எல்லார் கூடயும் சேந்து சிரிச்சிட்டேன். நான் கேக்கறது வேற. நீ எதுக்கு மொட்டை அடிச்ச?"

பாய் என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து கல்லாப் பக்கம் போய்விட்டார். மனுஷன்.

சொன்னேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில், டீக்கடை பெஞ்சில், பட்டப்பகலில் சொன்னேன். "உன் கல்யாணம் நிக்கணும்னு வேண்டிக்கினேன். உனக்கே தெரியும். அப்பறம் மனசு மாறிச்சி. சாமி கிட்ட கேட்டத எப்டித் திருப்பி வாங்கறதுன்னு எனக்குத் தெரியல. நான் கேட்டத குடுக்காத, முடிய மட்டும் எடுத்துக்கன்னு சொல்லிட்டு அடிச்சிகினேன். உன் கல்யாணம் நடக்கணும்னு தாம்மா அடிச்சிகினேன்."

வைத்துவிட்டாளோ என்று ஃபோனைப் பார்த்தேன். வைக்கவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா நைனா?"

"எப்டிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

"நீ முடியும் மீசையும் எடுத்துகினு வந்து நின்னியா... என்னை செத்தவளா நெனச்சி, எனக்கு எல்லாம் முடிச்சிட்டு தான் வந்து நிக்கறன்னு..."

நான் இங்கே பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து அந்த மொட்டையைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த இரண்டு வருஷமும், பெற்ற அப்பன் தனக்குக் கருமாதி செய்துவிட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாக என் மகள் அங்கே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.